குறுக்கே அடிக்கும் காற்றும், "வேண்டாம்ணே" என்ற ஒரு வார்த்தையும்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், அடி அண்ணாமலை)



மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்பு வகுப்பாக வந்த அண்ணன், "என்ன வேணா எழுதுங்கடா, காதல் கவிதை மட்டும் வேண்டாம். ஏற்கெனவே பதினேழு வந்திருக்கு" என்றார். நான் எழுந்து, "விமானம் தரை இறங்குறதப் பத்தி எழுதறேண்ணே" என்றேன். வகுப்பே சிரித்தது. "நீ விமானத்துல போயிருக்கியாடா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். போனதில்லை. எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. எங்கள் மலைக்கு மேலே, ரொம்ப உயரத்தில், வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போவதைப் பார்த்ததோடு சரி. ஆனால் தோழர்களே, விமானத்தைக் குப்புறத் தள்ளுகிற அந்தக் குறுக்குக் காற்றை நான் நன்றாகவே அறிவேன். அது என்னை ஒருமுறை சைக்கிளோடு கீழே தள்ளியிருக்கிறது!

எட்டாவது படிக்கும்போது நடந்தது. வீட்டு ஓரத்தில் மறைப்புக்கு ஒரு தகரம் வேண்டும் என்று அப்பா திருவண்ணாமலைக்கு அனுப்பினார். தகரத்தை சைக்கிள் கேரியரில் நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, கிரிவலப் பாதையில் மிதித்து வந்தேன். ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தகரம் எம்மாத்திரம்? மேற்கே இருந்து அடித்த காற்று தகரத்தில் மோதி என்னை மலைப்பக்கம் தள்ளியது. நான் காற்று வரும் பக்கமாகச் சைக்கிளைச் சாய்த்து, ஹேண்டில்பாரை அதே பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்து, எப்படியோ நேராக வந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் நீளமான மதில் சுவர் ஒன்று வந்தது. சுவர் மறைத்ததும் காற்று சட்டென்று நின்றுவிட்டது. சாய்ந்திருந்த நான் சாய்ந்த பக்கமே விழுந்தேன். முழங்கை கிழிந்தது. அன்று காற்று தள்ளி நான் விழவில்லை, காற்று நின்றதால் விழுந்தேன். இதை அப்பாவிடம் சொன்னபோது, "வியாக்கியானம் பேசாத, தகரம் நெளிஞ்சிடுச்சு பார்" என்றார்.

அந்தத் தகரமும் அந்தச் சுவரும் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது. அப்போது நான் முதலாமாண்டு. நவம்பர் 30ஆம் தேதி, சனிக்கிழமை. புயல் இன்னும் கடலில் இருந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அன்று ராத்திரிதான் கரையைக் கடந்தது. அன்று பகல் மும்பையிலிருந்து வந்த இண்டிகோ நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் ஒன்று சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கப் பார்த்தது. அந்தப் படத்தை நீங்களும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். ஓடுதளம் முழுக்கத் தண்ணீர். விமானம் இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே வருகிறது. சக்கரம் தரையைத் தொடுகிற நேரத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. பார்க்கிற நமக்கு வயிறு கலங்குகிறது. அடுத்த நொடி என்ஜின் முழு வேகம் எடுக்க, மூக்கைத் தூக்கிக்கொண்டு விமானம் மேலே ஏறிப் போய்விடுகிறது! ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பிற்பகலில் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். நடுராத்திரி தாண்டித்தான் திறந்தார்கள்.

அதே புயலின் மழைதான் மறுநாள், டிசம்பர் 1ஆம் தேதி, எங்கள் திருவண்ணாமலையில் மலையை உருட்டியது. வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். தீபத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து சாமி என்று கும்பிட்ட மலையை அந்த வாரம் பயத்தோடு பார்த்தோம். எங்கள் ஊர் மலைக்கு மறுபக்கம் என்பதால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து எங்கள் ஊர் டீக்கடையில் எல்லோரும் மலைச் சரிவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒருவர் கைப்பேசியில் அந்த விமானப் படத்தைக் காட்டினார். ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்தார்கள். டிராக்டர் ஓட்டுகிற மாமா ஒருவர், "இன்னாய்யா, இறக்கத் தெரியாதவன் கையில வண்டியக் குடுத்திருக்காங்க! தரைய தொட்டுட்டான், பிரேக்கப் போட்டு நிறுத்த வேண்டியதுதானே? பயந்துட்டு மேல ஏறிட்டான்" என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் அல்லவா? ஆனால் மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அன்று டீக்கடையில் சொல்லாததைத்தான் இன்று இந்த மலரில் சொல்கிறேன். மாமா, நீங்கள் சொன்னது தப்பு. மேலே ஏறிப் போனவருக்குத்தான் ஓட்டத் தெரிந்திருந்தது!

ஏன் என்று கேளுங்கள். நமக்கு முதலாமாண்டில் கணக்குப் பாடத்தில் சைன், காஸ் நடத்தினார்களே, எதற்கென்றே தெரியாமல் மனப்பாடம் செய்தோமே, அது இங்கேதான் உயிர் பெறுகிறது. ஓடுதளம் ஒரு திசையில் போடப்பட்டிருக்கிறது. சென்னையின் பெரிய ஓடுதளத்துக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எழுதியிருக்கும். திசைகாட்டியில் ஏறத்தாழ 70 டிகிரி, 250 டிகிரி என்று பொருள். கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிடுவார்கள். ஓடுதளத்தைத் திருப்பி வைக்க முடியாது, காற்றையும் திருப்ப முடியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தின் சைனைக் காற்றின் வேகத்தோடு பெருக்கினால் வருவதுதான் குறுக்குக் காற்று. 20 நாட் காற்று 30 டிகிரி கோணத்தில் வந்தால் குறுக்கே தள்ளுவது 10 நாட். அதே காற்று 60 டிகிரிக்குத் திரும்பினால் 17 நாட்டுக்கு மேல். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

சின்ன விமானம் என்றால் இன்னும் பாடு. விமானம் ஓட்டப் பழகுகிற பிள்ளைகள் உலகம் பூராவும் அதிகமாக ஓட்டுவது செஸ்னா 172 என்ற நாலு பேர் உட்காரும் விமானம். எடை ஆயிரத்துச் சொச்சம் கிலோ, நம்ம ஊர் அம்பாசிடர் கார் அளவுதான். அதைச் செய்தவர்கள் சோதனையில் இறக்கிக் காட்டிய குறுக்குக் காற்று 15 நாட். அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். இது என்ன பெரிய புயலா? தெருவில் புழுதியும் காகிதமும் எழும்பி, சின்னக் கிளைகள் ஆடுகிற காற்று. ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் சாயங்காலம் அடிக்கிற காற்று! அதற்கே பழகாத கை தடுமாறும். செஸ்னா இறங்க வருவது ஏறக்குறைய 60 நாட் வேகத்தில். 15-ஐ 60-ஆல் வகுத்தால் கால். சைன் கால் என்றால் கோணம் பதினாலரை டிகிரி. ஓடுதளத்தின் நேர்க்கோட்டில் வர வேண்டுமானால் மூக்கை அவ்வளவு தூரம் காற்றுப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வர வேண்டும். நண்டு நடை! விமானிகளும் இதை நண்டு என்றுதான் சொல்கிறார்களாம். பெரிய ஏர்பஸ் 135 நாட் வேகத்தில் வருவதால் அதே காற்றில் ஆறரை டிகிரி திரும்பினால் போதும்.

ஆனால் நண்டு நடையோடு தரையைத் தொடக்கூடாது. சக்கரம் ஒரு பக்கம் பார்க்க, வண்டி இன்னொரு பக்கம் போனால் டயரும் சக்கரக் காலும் என்னத்துக்கு ஆகும்? அதனால் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வால் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். நேராக்கிய அதே கணத்தில் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கும். ஆகவே காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, அந்தப் பக்கத்து ஒற்றைச் சக்கரத்தை முதலில் ஊன்ற வேண்டும். என் சைக்கிள் சாய்ப்புதான்! பிறகு மற்றச் சக்கரம், கடைசியில் மூக்குச் சக்கரம். இதெல்லாம் சில நொடிகளில். நடுவில் கட்டடமோ மரவரிசையோ காற்றை மறைத்தால் தாழ்த்திய இறக்கை மேலும் தாழும். திடீரென்று வீச்சு கூடினால் இறக்கை தூக்கிக்கொள்ளும். 1958-இல் முதன்முதலாகப் பறந்த இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் புஷ்பக் விமானத்தில்தான் நம் நாட்டு விமானப் பயிற்சிக் கழகங்களில் எத்தனையோ பேர் பழகினார்கள். அதற்கு மூன்றாவது சக்கரம் வாலில். பாரம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது குறுக்குக் காற்று வாலைக் கொஞ்சம் தள்ளினாலும் வண்டி தானாகவே மேலும் மேலும் திரும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிடும். சைக்கிளை சீட்டைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், ஹேண்டில்பார் எப்படி மடங்குகிறதென்று. ஆக, இவ்வகை விமானத்தில் தரையைத் தொட்டுவிட்டதோடு வேலை முடியவில்லை. நிற்கிற வரை ஓட்ட வேண்டும்.

அது சரி, அந்தச் சில நொடிகளில் ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? இங்கேதான் டிராக்டர் மாமாவும் நானும் பிரிகிறோம். டிராக்டரில் பிரேக் போட்டு நிற்கலாம். விமானத்தில் நடு ஆகாயத்தில் நிற்க முடியாது. மேலே ஏறிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வரலாம். முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போகலாம். இது பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிற சாதாரண வேலை, பயந்தவன் வேலை அல்ல.

2008 மார்ச் 1ஆம் தேதி ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் புயல் காற்று. லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஒன்று இறங்கும்போது சாய்ந்து, இடது இறக்கை நுனி ஓடுதளத்தில் உரசியே விட்டது. அப்போது ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானிக்கு வயது 24. அங்கேயும் மேலே ஏறிப் போய்விட்டார்கள். அடுத்தமுறை வேறொரு ஓடுதளத்தில், காற்று அவ்வளவு குறுக்காக வராத திசையில், நல்லபடியாக இறங்கினார்கள். முதலில் பத்திரிகைகள் எல்லாம் வீரர்கள் என்று புகழ்ந்தன. விசாரித்தவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: இவ்வளவு குறுக்குக் காற்றில் அந்த ஓடுதளத்தில் முதலில் இறங்கப் பார்த்தது ஏன்? எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்திருக்கிறது. புகழ்வதும் திட்டுவதும் சுலபம். ஏன் என்று கேட்பதுதான் கஷ்டம்.

மேலே ஏறிப் போக வேண்டுமானால் அதற்கு வழி இருக்க வேண்டும். 2025 நவம்பர் 13ஆம் தேதி நம் தமிழ்நாட்டிலேயே கீரனூருக்குப் பக்கத்தில் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் ஒரு செஸ்னா 172 இறங்கியதே, நினைவிருக்கிறதா? சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம். முன்பக்கம் சேதப்பட்டது, உள்ளே இருந்த இருவரும் தப்பினார்கள். அது காற்றால் வந்தது அல்ல, இயந்திரக் கோளாறு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உந்துசக்தி இல்லாதவனுக்கு இரண்டாவது முயற்சி கிடையாது. கீழே எந்தச் சாலை எந்தத் திசையில் இருக்கிறதோ அதில்தான் இறங்கியாக வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும். அதனால்தான் ஜெட் விமானம் போகிற ஊருக்கான எரிபொருளோடு, மாற்று ஊருக்குப் போக வேண்டிய எரிபொருளும், அதற்கும் மேலே கடைசிக் கையிருப்பாக 30 நிமிடம் பறக்கிற எரிபொருளும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. (நமக்கெல்லாம் இப்படி ஒரு கையிருப்பு விதி இருந்தால் எப்படி இருக்கும்? ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் வீட்டில் "போதும் படிச்சது, சித்தப்பாவோட சென்ட்ரிங் வேலைக்குப் போ" என்று சொல்கிற பிள்ளைகள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர்! அவர்களுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. டேங்கில் இன்னொரு சுற்றுக்கு எண்ணெய் இல்லை.)

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

விமானப் பாதுகாப்பை ஆராய்கிற ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒரு கணக்கு எடுத்தது. வேகமோ உயரமோ திசையோ சரியில்லாமல் இறங்க வருகிற விமானங்களில் நூற்றுக்கு எத்தனை மேலே ஏறித் திரும்பிப் போகின்றன? நூற்றுக்கு மூன்று! மீதி 97 எப்படியாவது இறங்கிவிடலாம் என்று இறங்குகின்றன. பெரும்பாலும் நல்லபடியாகவே இறங்கியும் விடுகின்றன. வினையே அதுதான். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் வந்துவிடுகிறது.

2020 ஆகஸ்ட் 7. கோழிக்கோடு. கொரோனா காலத்தில் துபாயில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். 190 பேர். நல்ல மழை. மேடை போல வெட்டிய குன்றின் மேல் ஓடுதளம். முதல் தடவை இறங்க வந்து, முடியாமல், ஒழுங்காக மேலே ஏறிப் போனார்கள். இரண்டாவது தடவை எதிர் முனையிலிருந்து வந்தார்கள். இப்போது காற்று பின்னாலிருந்து. குறுக்குக் காற்று பக்கத்தில் தள்ளும் என்றால் பின்காற்று முன்னால் தள்ளும். முன்னதற்கு சைன், பின்னதற்கு காஸ். தலைமை விமானி பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் சரியாக வேலை செய்யவில்லை. விமானம் ஓடுதளத்தின் பாதித் தூரம் தாண்டித்தான் தரையைத் தொட்டது. நிற்க இடமில்லாமல் முனை தாண்டி விழுந்து உடைந்தது. இரு விமானிகளையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள்.

அடுத்த வருஷம் விசாரணை அறிக்கை வந்தது. அதில் ஒரு செய்தியைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தரையைத் தொடும் முன்பே துணை விமானி "மேலே போகலாம்" என்று சொல்லியிருக்கிறார்! தலைமை விமானி கேட்கவில்லை. அவர் சாமானியர் அல்ல. விமானப் படையில் இருந்தவர், அனுபவம் மிகுந்தவர், மதிப்புக்குரியவர். மறுநாள் அங்கிருந்து கிளம்புகிற இன்னொரு விமானத்தையும் அவரே ஓட்டவேண்டி இருந்தது. எப்படியும் கோழிக்கோட்டில் இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் வேலை செய்தது என்று அறிக்கை சொல்கிறது. துணை விமானி வயதில், அனுபவத்தில் சின்னவர். சொன்னார், ஆனால் விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் நடுவே பெரியவர்–சின்னவர் என்ற சரிவு ரொம்பச் செங்குத்தாக இருந்தது என்று அறிக்கை குறித்திருக்கிறது. செத்தவர்களைக் குறை சொல்ல நான் யார்? யாரையும் சொல்லவில்லை. அந்தச் சரிவைச் சொல்கிறேன். அது கோழிக்கோட்டில் மட்டும் இல்லை. எனக்குத் தெரியும். நான் அதில் நின்றிருக்கிறேன்.

போன வருஷம் கோடை விடுமுறையில் ஒரு லேத் பட்டறையில் தினக்கூலிக்குப் போனேன். எந்தப் பட்டறை என்று வேண்டாம். அங்கே மேஸ்திரி அண்ணன் இருபத்தைந்து வருஷம் லேத் ஓட்டியவர். காதால் கேட்டே டூல் மழுங்கிவிட்டதா என்று சொல்வார். எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தார், டீ வாங்கிக் கொடுப்பார். ஒருநாள் நீளமான ஒரு கம்பியை சக்கில் பிடித்தார். முன்பக்கம் கொஞ்சம்தான். பின்பக்கம், ஹெட்ஸ்டாக்குக்கு வெளியே, நாலடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாங்க ஒன்றும் வைக்கவில்லை. அவசரம், பார்ட்டி வாசலில் நிற்கிறார். முதலில் மெதுவாக ஓடியது. நான் பின்பக்கம் நின்றிருந்தேன். கம்பியின் நுனி ஒரு சின்ன வட்டம் போட்டது. ஒரு ரூபாய்க் காசு அகலம் இருக்கும். நான் பார்த்தேன். வேகம் கூட்டினால் வட்டம் பெரிதாகும் என்று எனக்குத் தெரியும். நடத்தியிருக்கிறார்கள், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். "வேண்டாம்ணே" என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. இருபத்தைந்து வருஷம் ஓட்டியவருக்கு நேற்று வந்த நான் சொல்வதா? விழுங்கிவிட்டேன். அவர் வேகத்தைக் கூட்டினார். கம்பி வளைந்து சாட்டை மாதிரி சுழன்றது. சுவிட்சை அணைக்க ஓடிவந்த அவருடைய இடது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

கட்டுப் போட்டபின் பார்க்கப் போனேன். "பின்னாடி நீதானே நின்ன. ஆடுச்சா?" என்றார். ஆடிச்சுண்ணே என்றேன். "ஏன்டா சொல்லல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களாண்ணே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

தோழர்களே, என்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்ட அன்று அப்பா சொன்ன ஒரே புத்திமதி, "பெரியவங்கள எதுத்துப் பேசாத." அவர் கொத்தனாருக்குக் கையாளாக இருந்து, பின்னாளில் கொத்தனார் ஆனவர். எதிர்த்துப் பேசினால் மறுநாள் வேலை இல்லை என்பது அவர் பட்டறிவு. பௌர்ணமிக்கு பௌர்ணமி கிரிவலப் பாதையில் விடிய விடிய சுக்குக் காப்பி விற்கிற அம்மாவும் இதைத்தான் சொல்வாள்: "வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்காத." அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த அடக்கம்தான் எங்களைச் சோறு போட்டு வளர்த்தது. ஆனால் பேச்சு வேறு, இயந்திரம் வேறு. எதிர்த்துப் பேசுவதும் எச்சரிப்பதும் ஒன்றல்ல என்று எங்கள் வீடுகளில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்த நாம்தான் அதைக் கற்றுக்கொண்டு போய் வீட்டிலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

"மரியாதை கெட்டுப் போகாதா?" என்று சிலர் கேட்பார்கள். விமானத் துறையைப் பாருங்கள். "மேலே போ" என்று விமானி அறையில் இருவரில் யார் சொன்னாலும், சின்னவரே சொன்னாலும், மேலே போய்விட வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. காரணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். திரும்பிப் போனதற்காக விமானியைத் தண்டிக்கக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது. தண்டித்தால் அடுத்தமுறை ஒருவரும் மேலே போக மாட்டார்கள். அங்கே என்ன மரியாதை கெட்டுவிட்டது? இன்றைக்கும் தோளில் நாலு பட்டை போட்டவர்தான் தலைவர்.

ஆகவே மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள். தண்ணீர்த் தொட்டி கேட்டோம், பேருந்து நிறுத்தம் கேட்டோம், நல்லது. இந்த ஆண்டு இதையும் கேட்போம். நம் ஒர்க்‌ஷாப்பில், வெல்டிங் ஷெட்டில், மின்னியல் ஆய்வகத்தில், "நிறுத்து" என்று யார் சொன்னாலும் இயந்திரம் உடனே நிற்க வேண்டும். முதலாமாண்டுப் பையன் சொன்னாலும் சரி, நூறு ஆண்களுக்கு நடுவே ஒற்றையாக நிற்கிற தங்கை சொன்னாலும் சரி. பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். நிறுத்தச் சொன்னவரை யாரும் கிண்டல் செய்யக் கூடாது, ரெக்கார்டு நோட்டில் கை வைக்கக் கூடாது. ஆசிரியப் பெருமக்கள் இதைத் தங்களுக்கு எதிராக எழுதியதாக நினைக்கக் கூடாது. ரெண்டு கால் மணி நேரம் வீணாகும் என்பீர்கள். சென்னையில் அந்த விமானத்துக்கும் நேரம் வீணானது, எண்ணெய் வீணானது.

சங்கச் செயலாளர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "எழுது, துறைத் தலைவர்கிட்ட நான் பேசறேன்" என்றார். எழுதிவிட்டேன்.

டிராக்டர் மாமாவிடமும் சொல்லிவிட்டேன், போன பொங்கலுக்கு. தரையில் குச்சியால் கோடு போட்டு சைன் எல்லாம் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் பிரேக் போட்டிருக்கலாம்" என்றார்.

மேஸ்திரி அண்ணனின் கை கூடிவிட்டது. மணிக்கட்டு கொஞ்சம் கோணல். போன மாதம் பட்டறைப் பக்கம் போனபோது புதிதாக ஒரு பையன் இருந்தான், பதினாறு வயசு இருக்கும். லேத் ஓடிக்கொண்டிருந்தது. பையன் திடீரென்று, "அண்ணே, நிறுத்துங்கண்ணே, ஏதோ சத்தம் வருது" என்றான். அண்ணன் சுவிட்சை அணைத்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், சக்கைக் கையால் சுற்றிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை. பையன் முகம் சுண்டிப்போய் நின்றான். அண்ணன் அவனை ஒன்றும் சொல்லவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினார்.